தீப்புள்ளி வேறு, எரிந்த நிலம் வேறு

புள்ளிகளைப் பரப்பாக்குவது

காட்டுத்தீ உமிழ்வுக் கணக்கில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் இந்தத் தவறு இன்னும் எரிச்சலூட்டுகிறது. செயற்கைக்கோள் தீயின் வெப்பத்தைக் கண்டறிந்த இடங்களின் பட்டியலான தீப்புள்ளிக் கோப்பை இறக்கி, புள்ளிகளை எண்ணி, பிக்சல் பரப்பால் பெருக்கி, எரிந்த நிலம் இவ்வளவு என்று எழுதிவிடுகிறார்கள். டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் ஒரு பிக்சல், செயற்கைக்கோளுக்கு நேர்கீழே 100 ஹெக்டேர். அதற்குள் 0.1 ஹெக்டேர் கொழுந்துவிட்டு எரிந்தாலே கருவி பிடித்துவிடும். ஆயிரம் மடங்குப் பிழை அங்கேயே புகுந்துவிடுகிறது. படத்தின் ஓரங்களில் அதே பிக்சல் சுமார் 10 சதுர கிலோமீட்டராக விரியும்.

ஒரு திருத்த எண்ணால் பெருக்கிச் சரிசெய்யலாமே என்றால், முடியாது. பிற்பகல் 3 மணிக்குப் பற்றி, இருட்டும் முன் அணைந்த புல்வெளித் தீயை, 2021 வரை 1:30 வாக்கில் கடந்துவந்த அக்வா பார்த்ததே இல்லை. ஐந்து நாள் புகையும் மரக்கட்டையோ ஒவ்வொரு கடப்பிலும் புதுப் புள்ளியாக விழலாம். தீயைக் கண்டறியும் இன்னொரு கருவியான விர்ஸ், சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 என்ற மூன்று செயற்கைக்கோள்களிலும் இருக்கிறது. மூன்றையும் கூட்டினால் ஒரே தீ மூன்று முறை எண்ணப்படலாம். நோவா-20 ஏவப்பட்டது 2017 இறுதியில்தான். அதன் புள்ளிகளைப் பழைய வரிசையோடு கலந்துவிட்டு, 2018 முதல் தீ பெருகிவிட்டது என்று சொல்பவர்கள் கருவி கூடியதைத்தான் சொல்கிறார்கள்.

பரப்பு வேண்டுமென்றால், எரிந்த நிலத்தையே வரைபடமாக்கும் எரிபரப்புத் தரவை எடுங்கள். மோடிஸின் மாதாந்தரத் தரவு 500 மீட்டர் நுணுக்கம் கொண்டது. சிறு தீக்களைத் தவறவிடும். அதனால் சில மாதிரி இடங்களில், இன்னும் நுணுக்கமான சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை, தீக்கு முன்னும் பின்னும், ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பரப்பு, எரிபொருள் சுமை (ஓர் அலகுப் பரப்பில் எரியக்கூடிய தாவர எடை), அதில் எரிந்த பங்கு, உமிழ்வுக் காரணி (ஒரு கிலோ எரிந்தால் வெளியாகும் வாயுவின் அளவு) நான்கையும் பெருக்குங்கள்.

புள்ளிகளைத்தான் பயன்படுத்துவேன் என்றால், எண்ணிக்கையை விட்டுவிட்டு அவற்றின் கதிர்வீச்சுத் திறனை (தீ நொடிக்கு வெளிவிடும் கதிர்வீச்சு ஆற்றல்) எடுங்கள். அதை நேரத்தின் மேல் தொகுத்தால் ஆற்றல் கிடைக்கும். ஒரு மெகாஜூலுக்கு சுமார் 0.368 கிலோ உலர் தாவரம் எரிந்திருக்கும். ஒற்றைக் கடப்பின் திறனை நாள் முழுவதற்கும் நீட்டாதீர்கள். தீ பிற்பகலில் ஏறி இரவில் தணியும்.

எல்லாத் தாவரத்துக்கும் ஒரே காரணி

பீட் நிலம் (பாதி மட்கிய தாவரம் படிந்த சதுப்பு) கொழுந்துவிடாமல் புகையும். கிலோவுக்குக் கிலோ, சவான்னாப் புல்லைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கார்பன் மோனாக்சைடு வரும்; அதனால் ஒரே உமிழ்வுக் காரணி இரண்டுக்கும் பொருந்தாது. எத்தனை ஆழம் எரிந்தது என்பதை எரிபரப்புத் தரவு காட்டாது.

கார்பனா, கார்பன் டை ஆக்சைடா?

12 கிலோ கார்பன் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகும். எதைச் சொல்கிறீர்கள் என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

மீள்வளர்ச்சி

எரிந்தபோது வெளியான கார்பனில் பெரும்பகுதியைப் புல் அடுத்த பருவத்தில் திரும்ப உறிஞ்சும். வெட்டி எரித்த காடு அப்படியல்ல. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கூட்டாதீர்கள்.