இரண்டு கோடு விழுந்த பிறகு: கரு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது எப்படி

கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு விழுந்தால் கரு உண்டாகியிருக்கிறது என்று தெரியும். அது கர்ப்பப்பைக்குள் நிற்கிறதா, குழாயிலா, பழைய தையல் தழும்பிலா என்பது கார்டுக்குத் தெரியாது. நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ இடம் மாறி நிற்கும். அப்படி நிற்பவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில்தான். கீழே சொல்லும் ஆபரேஷன்களில் ஒன்றோ, குழந்தைப்பேறு சிகிச்சையோ உங்களுக்கு நடந்திருந்தால், ஏழாவது வாரம் முடிவதற்குள் இடத்தை உறுதி செய்துவிட வேண்டும். சொந்தபந்தத்துக்குச் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

எல்லா ஆபரேஷனும் ஒன்றல்ல. அதிக ஆபத்து, குழாயைத் தொட்ட ஆபரேஷனில்: குடும்பக்கட்டுப்பாடு செய்து பிறகு குழாயை மறுபடி இணைத்தது, டியூப் கர்ப்பத்துக்காகக் குழாயைக் கீறியது, அடைப்பு நீக்கியது. குடும்பக்கட்டுப்பாடு செய்தும் நாள் தள்ளினால் அதைக் குழாய்க் கர்ப்பம் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்குக் குழாயை விடத் தழும்பு பற்றிய கவலை. சுமார் 2,000 கர்ப்பத்தில் ஒன்று அந்தத் தழும்புக்குள்ளேயே பதிகிறது. ஃபைப்ராய்டு கட்டி எடுத்தவர்களுக்குக் கர்ப்பப்பைச் சதைக்குள் கரு பதிவது மிக அரிது, ஆனால் நடக்கிறது. ஒரு குழாயை முழுதாக எடுத்தவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கர்ப்பப்பைச் சுவருக்குள் ஓடும் குழாயின் மிச்சத் துண்டு அங்கேயேதான் இருக்கும்.

ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப்) சிகிச்சையில் கருவைக் கர்ப்பப்பைக்குள்தானே வைக்கிறார்கள், அது எப்படிக் குழாய்க்குப் போகும் என்று பலரும் கேட்பார்கள். வைத்த கரு உடனே ஒட்டுவதில்லை. சில நாள் மிதக்கும். கர்ப்பப்பை சுருங்கும்போது அது குழாய்ப் பக்கம் தள்ளப்படலாம். நல்ல குழாய் என்றால் திருப்பி அனுப்பிவிடும், பழுதான குழாய் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் டாக்டர் ஸ்டெப்டோவும் விஞ்ஞானி எட்வர்ட்ஸும் 1976-இல் உண்டாக்கிய முதல் ஐ.வி.எஃப். கர்ப்பமே குழாயில் நின்றதுதான். 1978-இல் பிறந்த முதல் டெஸ்ட் டியூப் குழந்தை அதற்கு அடுத்து வந்தது.

கோயமுத்தூரில் சிகிச்சை எடுத்துவிட்டுத் தாராபுரம், கோபி, கரூர் என்று ஊர் திரும்புபவர்கள் ஒரு தாளில் இதையெல்லாம் எழுதிப் பையிலேயே வையுங்கள்: என்ன ஆபரேஷன், எந்த வருடம், எந்தப் பக்கம், கரு வைத்த தேதி, எத்தனை கரு, எத்தனையாம் நாள் கரு (லேபில் எத்தனை நாள் வளர்த்தது), கடைசி ஹெச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோன்) ஊசி போட்ட தேதி, ரத்த வகை. ராத்திரி உள்ளூர் டாக்டர் கையில் இந்தத் தாள் இருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

வாரக் கணக்கு பிசகுவதும் இங்கேதான். கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், ஐ.வி.எஃப்-இலும் அதே கணக்கில்தான். ஐந்தாம் நாள் கரு என்றால் வைத்த அன்றைக்கே 2 வாரம் 5 நாள். மூன்றாம் நாள் கரு என்றால் 2 வாரம் 3 நாள். ஆக ஆறு வாரம் நிறைவது, முதல் வகைக்குக் கரு வைத்த 23-ஆம் நாள், இரண்டாவதற்கு 25-ஆம் நாள். ஸ்கேன் தேதியை இதை வைத்துக் குறியுங்கள்.

ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. ஒருமுறை பார்த்தால் பெரிதாக ஒன்றும் விளங்காது. 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்குக் கொடுத்தால் புதன் காலை அதே எட்டு மணிக்கு. பனியன் கம்பெனி ஷிஃப்டுக்குப் போகுமுன் முடித்துவிடலாம். லேப் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்று திருப்பூரிலும் மற்றொன்று பல்லடத்திலும் எடுத்தால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. முதல் எண் 1,500-க்குக் கீழே இருந்தால் இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதம் ஏற வேண்டும்: 400 என்றால் 600-க்குப் பக்கத்தில். ஏற்றம் மந்தமாக இருந்தால் சந்தேகம். ஒழுங்காக ஏறினாலும் முழு உறுதி கிடையாது, குழாய்க் கர்ப்பத்திலும் சில சமயம் சரியாகவே ஏறும். எண் 3,500-ஐத் தாண்டியும் கர்ப்பப்பைக்குள் பை தெரியவில்லை என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். முட்டை வெடிக்கப் போட்ட ஹெச்.சி.ஜி. ஊசி பத்துப் பதினான்கு நாள் உடம்பில் நிற்கும். அதற்குள் கார்டு போட்டுப் பார்த்து மகிழ வேண்டாம், அழவும் வேண்டாம்.

ஸ்கேனை வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது போதாது, பிறப்புறுப்பு வழியே பார்க்கும் உள்வழி ஸ்கேன் கேளுங்கள். 'பை தெரிகிறது' என்ற ஒரு வரியோடு திரும்பாதீர்கள். கர்ப்பப்பைக்குள் தேங்கும் நீரும் பை போலவே காட்டும். உள்ளே மஞ்சள் கருவின் சிறு பை (யோக் சாக்) தெரிந்தால்தான் அது கருவின் பை. சிசேரியன் ஆனவர்கள், பைக்கும் தழும்புக்கும் எவ்வளவு தூரம், மூத்திரப்பைப் பக்கம் சதை எவ்வளவு கனம் என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எட்டு ஒன்பது வாரமாகிவிட்டால் பை மேலே வளர்ந்து சாதாரணக் கர்ப்பம் போலவே தோன்றும், தழும்புக் கர்ப்பம் தவறிப்போவது இப்படித்தான். இரண்டு கரு வைத்தவர்களுக்கு ஒன்று உள்ளேயும் ஒன்று குழாயிலும் நிற்கலாம். உள்ளே ஒன்றைக் கண்டவுடன் நிறுத்தாமல் இரண்டு பக்கக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடம் தெரியும் வரை இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது: ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, காபித்தூள் நிறத்தில் கசிவு, தலைசுற்றல், வெளிக்குப் போகவேண்டும் போல அழுத்தம், தோள்பட்டை நுனியில் வலி. இந்தத் தோள் வலிதான் ஏமாற்றும். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிறது. வீட்டில் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்பார்கள். சூட்டு வலி என்று வெந்தயம் கொடுப்பதும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிடுங்கள், ரத்த வங்கியும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள இடத்துக்குப் போங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது பெரிய ஆபத்து. குழாயில் நிற்பதை அது கலைக்காது. ரத்தம் போவதைப் பார்த்து 'கலைஞ்சிருச்சு' என்று இருந்துவிடுவார்கள், உள்ளே குழாய் வெடிக்கும்.

முன்கூட்டியே தெரிந்தால் ஊசியிலேயே முடிக்கலாம். கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து, உடலின் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். 55 கிலோ உள்ளவருக்குச் சுமார் 75 மில்லிகிராம் வரும். இதயத்துடிப்பு தெரிந்தாலோ, ஹெச்.சி.ஜி. 5,000-க்கு மேல் இருந்தாலோ, வலி கடுமையாக இருந்தாலோ பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி ஆபரேஷன்) தான். ஊசி போட்டதை முதல் நாளாக வைத்து நான்காம் நாளும் ஏழாம் நாளும் ரத்தம் பார்ப்பார்கள். நான்காம் நாள் எண் ஏறுவது சகஜம், பயப்பட வேண்டாம். நான்கிலிருந்து ஏழுக்குள் 15 சதவீதமாவது இறங்க வேண்டும்: 2,000 என்றால் 1,700-க்கு வரவேண்டும். பிறகு பூஜ்யம் ஆகும்வரை வாரம் ஒருமுறை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்துங்கள், அது மருந்துக்கு எதிராக வேலை செய்யும். முருங்கைக்கீரையையும் கொஞ்ச நாள் ஒதுக்குங்கள். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். வெயிலில் நிற்காதீர்கள். மூன்று மாதத்துக்கு அடுத்த கர்ப்பம் கூடாது. தழும்புக் கர்ப்பத்துக்கு இந்த ஊசி மட்டும் பெரும்பாலும் போதாது. ஸ்கேன் பார்க்காமல் 'கிளீன்' பண்ண ஒப்புக்கொண்டால் அடங்காத ரத்தப்போக்கு வரலாம்.

ஊசி போட்டவருக்கும் எந்த நேரத்திலும் குழாய் வெடிக்கலாம். அதனால் ஊசியா ஆபரேஷனா என்பதில் உங்கள் வீடு இருக்கும் இடமும் ஒரு காரணம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. தாளவாடிக்காரர்களுக்குத் திம்பத்தின் 27 வளைவு. எண் பூஜ்யமாகும் வரை பொள்ளாச்சியிலோ சத்தியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறை குழாய்க் கர்ப்பம் ஆனவர்களுக்குப் பத்தில் ஒருவருக்கு மறுபடி வரும். குழாயில் நீர் கோத்திருந்தால் ஐ.வி.எஃப்-க்கு முன்பே அந்தக் குழாயை எடுத்துவிடச் சொல்வார்கள். அடுத்த தடவை கரு வைக்கும்போது ஒரே கரு, ஐந்தாம் நாள் கரு, உறைய வைத்தது தோது வருமா என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.