லியோனுக்குப் போகும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு: வீடு பார்க்கும் முன் மேட்டைப் பாருங்கள்

புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த ஏற்றம் கோரிமேடு. ஜிப்மர் பக்கம் சைக்கிளில் போனால் பெடல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். கடலூர்க்காரர்களுக்குக் கேப்பர் மலை உண்டு. மேலே மத்திய சிறை இருப்பதால் யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. இப்படிப்பட்ட சமதரையில் வளர்ந்துவிட்டு நேராகப் பிரான்சின் லியோன் நகரில் போய் இறங்குகிறோம். விசா, பிரிஃபெக்சர் (குடியிருப்பு அனுமதி தரும் அரசு அலுவலகம்), வங்கிக் கணக்கு பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய. மேட்டைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். போன முதல் மாதமே ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. போன் மேப்பில் பார்த்தால் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நம் கணக்கில் பத்து நிமிட நடை. ஆனால் அது க்ருவா ரூஸ் என்ற மேட்டின் சரிவு. தெருவில் பாதி படிக்கட்டு. ஜனவரிக் குளிருக்கு உள்ளே தெர்மல், அதன் மேல் சட்டை, ஸ்வெட்டர், கோட்டு. மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே 'போன்ழூர்' சொன்னேன். வேலை கிடைக்கவில்லை, மூன்று நாள் சளிதான் கிடைத்தது. அதனால் ஏறும்போது கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் வியர்வை ஆறும் முன் போட்டுக்கொள்ளுங்கள். தெருப் பெயர் 'மோந்தே' என்று தொடங்கினால் ஏற்றம் என்று அர்த்தம். மேப்பில் தூரம் மட்டும்தான் உடனே கண்ணில் படும், உயரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஊரின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள். சோனுக்கு மேற்கே ஃபூர்வியேர் மலை, இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் வடக்கே க்ருவா ரூஸ். ரோனுக்குக் கிழக்கே பார்-தியூ, வில்யூர்பான் எல்லாம் நம் ஊர் மாதிரி தட்டையான தரை. ஃபூர்வியேரில் பசிலிக்கா தேவாலயம் இருப்பதால் அது 'பிரார்த்திக்கும் மலை', நெசவாளர்கள் இருந்ததால் க்ருவா ரூஸ் 'உழைக்கும் மலை' என்று அங்கே சொல்வார்கள்.

இந்த உழைக்கும் மலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது வீடு தேடும்போது கைகொடுக்கும். துணியில் பூ வேலை நெய்யும் தறியை நம் தறிக்காரர்கள் ஜக்கார்டு என்பார்கள், அது லியோன்காரரான ஜக்காரின் பெயர்தான். அவருடைய தறி உயரமானது. அதை நிறுத்த நாலு மீட்டர் உயரக் கூரையும், பட்டு நூலின் நிறம் தெரிய பெரிய ஜன்னலும் வேண்டும். கீழே பழைய ஊரில் அதற்கு இடமில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டில் மேட்டில் புது வீடுகள் கட்டி நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். 1831ல் கூலிக்காக அவர்கள் கிளர்ந்தெழுந்து அந்தச் சரிவு வழியாகத்தான் ஊருக்குள் இறங்கினார்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இப்போது அதே வீடுகள்தான் வாடகைக்கு வருகின்றன. உயரக் கூரைக்கு நடுவே மரத்தில் பரண் போட்டுப் படுக்கை வைத்திருப்பார்கள். போட்டோவில் அள்ளும். ஆனால் ஹீட்டர் சூடெல்லாம் பரணுக்குப் போய்விடும், கீழே கால் விறைக்கும், கரண்ட் பில் எகிறும். விளம்பரத்தில் 'சான் அசன்சேர்' என்று இருந்தால் லிப்ட் இல்லை. நாலாவது மாடிக்கு இருபது கிலோ பொன்னி அரிசி மூட்டையைத் தூக்குவதை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சரிவில் சில கட்டடங்களுக்கு இரண்டு வாசல் உண்டு: கீழ்த் தெருவிலிருந்து நுழைந்தால் மூணாவது மாடி, மேல் தெருவிலிருந்து வந்தால் அதே வீடு தரைத்தளம். வீட்டுக்காரரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், கைக்குழந்தை இருந்தால் கிழக்குப் பக்கமே போங்கள். தனி ஆள் என்றால் க்ருவா ரூஸ் உச்சியில் இருங்கள், சரிவில் வேண்டாம். உச்சி தட்டைதான். சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் மேலேயே இருக்கிறது. 1852 வரை அது தனி ஊராகவே இருந்தது. இன்றும் அங்கே இருப்பவர்கள் கீழே போவதை 'ஊருக்கு இறங்குவது' என்பார்கள்.

ஏறி இறங்க வழி இல்லாமல் இல்லை. உலகிலேயே நகருக்குள் ஓடிய முதல் கயிற்று ரயில் 1862ல் இந்த மேட்டுக்குத்தான் வந்தது. உள்ளூரில் அதற்குப் பெயர் 'ஃபிசெல்', அதாவது கயிறு. இன்று க்ருவா ரூஸுக்குப் பல்சக்கரத்தில் ஏறும் மெட்ரோ சி இருக்கிறது. க்ருவா பாக்கே நிலையத்தில் பிளாட்பாரமே சரிவு. குழந்தை வண்டியின் பிரேக்கை அழுத்தாமல் கையை எடுக்காதீர்கள், சொல்லிவிட்டேன். ஃபூர்வியேருக்கு இன்னும் ஃபிசெல் ஓடுகிறது. தெருவுக்குத் தெரு வீடுகளின் ஊடே போகும் 'திராபூல்' நடைகளும் உண்டு. மழையில் நனையாமல் பட்டுத் துணியைத் தூக்கிப் போன குறுக்கு வழிகள் அவை. ஆட்கள் குடியிருக்கும் இடம், அதனால் போனில் சத்தம் போடாமல் போங்கள்.

மேடு விளையாட்டல்ல என்பதற்கு 1930 நவம்பர் சாட்சி. நிலத்தடி நீர் ஊறி ஃபூர்வியேர் சரிந்ததில் சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். மீட்கப் போன தீயணைப்பு வீரர்களும் அதில் அடக்கம்.

அப்புறம், ஊரிலிருந்து அம்மா வந்தால் ஃபூர்வியேருக்குப் போகாமல் விடமாட்டார். என் அம்மா, "திருவந்திபுரத்துல அத்தனை படி ஏறுனவடா நான்" என்று ஃபிசெல்லில் ஏறவே மறுத்தார். ஒருவழியாகச் சமாதானப்படுத்தி மேலே கூட்டிப்போனேன். திரும்பும்போது படியில்தான் இறங்குவேன் என்று நின்றுவிட்டார். ஐந்நூறு படிக்கு மேல். இரண்டு நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். நீங்கள் போகும்போது இறங்கவும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள்.