அறிவியல் புனைவு எபிசோடும் தொழில்நுட்பக் கட்டுரையும் எழுத: கணக்கிலிருந்து தொடங்குங்கள்

தொலைக்காட்சிக்கு அறிவியல் புனைவு, பத்திரிகைக்குத் தொழில்நுட்பம் என இரண்டையும் எழுத நினைப்பவர்கள் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஜெரால்டின் வேலையை ஊன்றிப் பார்க்க வேண்டும். ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்கு அவர் எழுதிய ‘தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பானபோது அவருக்கு வயது 23. பிற்பாடு கணினிப் பத்திரிகைகளில் பத்தி எழுதினார். இரண்டுக்கும் உதவியது ஒரே பழக்கம்தான்: கற்பனை செய்த பொருளுக்குக் கணக்குப் போடுவது.

டிரிபிள் என்பது அந்தக் கதையில் வரும் பிராணி, கைக்குள் அடங்கும் ரோமப் பந்து. தின்னும், குட்டி போடும், அவ்வளவுதான். அவை புகுந்த தானியக் கிடங்கில் எத்தனை இருக்கும் என்று கேட்டால் விண்கல அதிகாரி ஸ்பாக் சொல்லும் விடை 17,71,561. அது வாய்க்கு வந்த எண் இல்லை. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 குட்டி என்றால் ஒன்று 11 ஆகும். மூன்று நாளில் அப்படி ஆறு தலைமுறை. ஆறு பதினொன்றுகளைப் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். எத்தனை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை நாள் என்ற மூன்றையும் உங்கள் கதைப்பொருளுக்கும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எது தீர்ந்துபோகும், யார் மாட்டுவார் என்பது அதிலிருந்தே கிளம்பும். கதை அங்கேதான் இருக்கிறது.

பிறகு ஒன்லைன் (ஒரே வரியில் கதை), ஒரு பக்கச் சுருக்கம், காட்சி வரிசை, கடைசியில் வசனத்தோடு முழு ஸ்கிரிப்ட். நேராக வசனத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் பாதியில் சிக்கிக்கொள்கிறார்கள். நடுப்பகுதியில் பாத்திரங்களுக்குச் செய்ய வேலை இருக்காது.

அமெரிக்க வடிவத்தில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். 12 புள்ளி கூரியர் எழுத்து, அங்குலத்துக்கு 10 எழுத்து, இடப்பக்கம் ஒன்றரை அங்குல ஓரம் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஜெரால்டின் தட்டச்சுப்பொறி அங்குலத்துக்கு 12 எழுத்து அடித்தது. அலுவலகத்தில் 10 எழுத்து அளவுக்கு மாற்றியபோது ஸ்கிரிப்ட் பக்க வரம்பைத் தாண்டிவிட்டது, வெட்டித்தான் சரிசெய்தார்கள். தமிழ் எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அகலம் என்பதால் பக்கக் கணக்கை நம்பவே வேண்டாம். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள். சண்டை, துரத்தல், விண்கலம் நகர்வது போன்ற வசனமில்லாத இடங்களுக்குத் தனியாக நேரம் சேருங்கள். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

செலவையும் எழுதும்போதே பார்க்க வேண்டும். ஏற்கெனவே நிற்கும் செட்டுகளில் முக்கால்வாசிக் காட்சி, புதிதாக ஒன்றிரண்டு செட் போதும். டிரிபிளுக்குக் காலும் இல்லை, முகமும் இல்லை. ரோமத் துணியைத் தைத்துப் பஞ்சு அடைத்தால் பிராணி தயார். தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகும் வேற்றுக்கிரகவாசி அதுதான்.

ஸ்கிரிப்ட் கைமாறுவதற்கு முன் வேறு கதைகளின் சாயல் இருக்கிறதா என்று தேடுங்கள். டிரிபிளுக்கும் அறிவியல் புனைவு எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1952-இல் வெளியிட்ட நாவலில் வரும் ஒரு பிராணிக்கும் ஒற்றுமை இருப்பது படப்பிடிப்புக்கு முந்தைய சரிபார்ப்பில் தெரியவந்தது. தயாரிப்புத் தரப்பு ஹைன்லைனிடமே பேசியது. அவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. ஒற்றுமை தெரிந்தால் நீங்களே முதலில் தயாரிப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வரைவிலும் தேதி போட்டு வையுங்கள்.

பத்திரிகைப் பக்கம் வந்தாலும் அதே கணக்குதான். “15 நிமிடத்தில் முழு சார்ஜ்” என்று ஒரு செய்திக்குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 5000 எம்ஏஎச், அதாவது 5 ஆம்பியர்-அவர்; 3.85 வோல்ட். ஐந்தை 3.85-ஆல் பெருக்கினால் 19.25 வாட்-அவர். கால் மணி நேரத்தில் அது நிறைய வேண்டுமானால் சராசரியாக 77 வாட் பேட்டரிக்குள் போக வேண்டும். நிறையும் தறுவாயில் மின்னோட்டம் குறைந்துவிடும், சூட்டிலும் கொஞ்சம் போகும். ஆகவே தொடக்கத்தில் 77-ஐவிட நன்றாகவே கூடுதல் தேவை. பெட்டியில் 67 வாட் சார்ஜர் இருந்தால் அந்த வாக்கியத்தை அச்சேற்றக் கூடாது. நிறுவனத்திடம் கேளுங்கள், பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.

பேட்டரிச் சோதனையைக் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். திரை வெளிச்சம் ஒரே அளவில் இருக்கட்டும், தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள். ஒரே தடவை ஓட்டிப் பார்த்து எழுதினால், பின்னணியில் இறங்கிய அப்டேட் குடித்த சார்ஜுக்கும் போன்தான் பழி சுமக்கும். இரவலாக வந்த கருவி என்றால் கட்டுரையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

எதிர்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இன்றைய சட்டைப்பையிலிருந்து தொடங்குங்கள். 1999-இல் ஒரு கணினிப் பத்திரிகையில் ஜெரால்டு அதைத்தான் செய்தார். தன்னிடம் இருந்த செல்போன், பேஜர், கால்குலேட்டர், டிஜிட்டல் கேமரா, டேப் ரெக்கார்டர், பாட்டுக் கேட்கும் கருவி எல்லாவற்றையும் பட்டியலிட்டு, இவை சில ஆண்டுகளில் ஒரே பெட்டியாகும் என்றார். பெட்டியின் அளவை உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் தீர்மானிக்காது, கையின் வசதிதான் தீர்மானிக்கும் என்பது அவர் வாதம். யாருக்கு என்ன இழப்பு என்றும் கேட்டார்: எல்லாருடைய அந்தரங்கமும் போய்விடும் என்று அதே பத்தியில் எச்சரித்தார். இழப்பைச் சொல்லும் அந்த வாக்கியம் இல்லாத ஆரூடம் விளம்பரமாகிவிடும். பெட்டி சீட்டுக்கட்டைவிடச் சிறியதாக இருக்கும் என்று சொன்னதில் மட்டும் சறுக்கினார். கைக்கு அது போதும்தான். ஆனால் அந்தப் பெட்டியில் மணிக்கணக்காகப் படம் பார்க்கப்போகும் கண்ணுக்குப் போதவில்லை.