கடவுள் உண்டு என்று வாதிடுவது எப்படி: முதற் சூத்திரத்திலிருந்து மேடை வரை

பாடசாலை விவாத மேடையிலும் கோயில் மண்டபத்துப் பட்டிமன்றத்திலும் ‘கடவுள் உண்டு’ என்ற பக்கம் அநேகமாக ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறது. வாதம் எவ்வளவு தாங்குமோ அதைவிட அதிகமாக அதன் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். குடத்துக்குக் குயவன் உண்டு, ஆகவே உலகுக்கும் ஒருவன் உண்டு என்று தொடங்குபவர் மூன்றாவது வாக்கியத்தில் நல்லூர்க் கந்தனிடம் வந்து நின்றுவிடுவார். எதிரணிக்கு அந்த ஒரு தாவல் போதும்.

ஆகவே முதல் வேலை, முடிவு வாக்கியத்தை மெலியவைப்பது. ‘கடவுள் உண்டு’ என்பதற்குள் ஒருவன், எல்லாம் அறிந்தவன், கருணையுள்ளவன், வழிபடத் தக்கவன் என்று பல கூற்றுகள் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு வாதம் அவற்றுள் ஒன்றைத்தான் நிறுவும். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பழக்கமான வேலை. நமது பழைய அளவை (தருக்க) நூல்கள் சொல்லும் ஐந்து உறுப்பில், அதாவது நிறுவவேண்டிய கூற்று, அதற்குக் காரணம், உதாரணம், பொருத்திக் காட்டல், முடிவு என்று எழுதினால் இப்படி வரும்:

மேற்கோள்: உலகம் அறிவுள்ள ஒரு கருத்தாவை (செய்பவனை) உடையது.
ஏது: காரியம் (ஆக்கப்பட்ட பொருள்) ஆதலால்.
எடுத்துக்காட்டு: எது எது காரியமோ அது அது அறிவுள்ள கருத்தாவை உடையது, குடம்போல.
உபநயம்: உலகமும் அத்தகைய காரியம்.
நிகமனம்: ஆகவே உலகம் அறிவுள்ள கருத்தாவை உடையது.

பேசுபவர்கள் வழமையாக விட்டுவிடுவது எடுத்துக்காட்டிலுள்ள ‘எது எது’ என்ற பகுதியை. குடத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வாதத்தின் முழுப் பாரமும் அந்தப் பொதுக் கூற்றில்தான் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லாதவருக்கு அதைக் காக்கவும் தெரியாது.

அடுத்து ஏதுவைச் சோதிக்க வேண்டும். மூன்று இடங்களில் பார்க்கவேண்டும். பக்கத்தில், அதாவது நாம் பேசுகிற பொருளாகிய உலகத்தில், அந்த ஏது இருக்கிறதா? இல்லையென்றால் அசித்தம், அதாவது ஏதுவே நிற்கவில்லை. சபக்கத்தில், அதாவது கருத்தா உண்டென்று இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் பொருள்களில், இருக்கிறதா? விபக்கத்தில், கருத்தா இல்லாத பொருள்களில், இல்லாமல் இருக்கிறதா? அங்கேயும் இருந்தால் அநைகாந்திகம், அதாவது ஏது இரு பக்கமும் ஓடுகிறது. கடவுள் வாதங்கள் பெரும்பாலும் உடைவது இந்த மூன்றாவது சோதனையில்.

யாழ்ப்பாணத்துப் புத்தூரிலுள்ள நிலாவரை என்ற நீர்நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நின்று பார்த்தால் யாரோ வெட்டிய பெருங்கிணறு. உண்மையில் சுண்ணாம்புக் கல் நீரில் கரைந்து குழிந்து உண்டானது. சுற்றிக் கட்டிய கட்டுத்தான் மனிதர் வேலை. தோட்டத்துக் கிணற்றைக் கண்டதும் வெட்டியவன் ஒருவன் உண்டென்று சொல்கிறோம், ஏனென்றால் கிணறு வெட்டுவதைக் கண்டிருக்கிறோம். ‘கிணறுபோல் இருக்கிறது’ என்பதை ஏதுவாக்கினால் நிலாவரை உடனே விபக்கமாக எழுந்து நிற்கும். ஏழாம் நூற்றாண்டில் பௌத்த அளவையறிஞர் தர்மகீர்த்தி, கடவுளை அனுமானத்தால் நிறுவ முயன்ற நியாய மரபினராகிய நையாயிகரை மடக்கியது இதே வழியில்தான்: மண்ணால் ஆனது என்பதால் கறையான் புற்றையும் குயவன் செய்தான் என்பீரோ?

இதற்கு நையாயிகர் சொன்ன மறுமொழி கூர்மையானது. வேலியோரம் யாரும் ஊன்றாமல் பனங்கொட்டை ஒன்று முளைக்கிறது. ‘பார், செய்தவன் இல்லாத காரியம்’ என்று எதிராளி காட்டினால், அந்த முளையும் நாம் வழக்காடும் உலகத்துக்குள் அடங்கியது. வழக்கிலுள்ள பொருளையே சாட்சிக்கு அழைக்கக் கூடாது என்று மறுக்கலாம். நிலாவரைக்கும் இதே மறுப்புப் பொருந்தும். ஆனால் இதை வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். எதிராளியின் எடுத்துக்காட்டைத் தள்ளிய அதே விதி, உங்கள் பொதுக் கூற்றைச் சோதிக்கக்கூடிய எல்லா இடங்களையும் மூடிவிடுகிறது. கணக்கு சமமாகிறது, அவ்வளவே.

இங்கேதான் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், அதைச் சரியாக வாசித்தவருக்குக் கை கொடுக்கும்.

அவன்அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த இந்த மூன்று அடிகளில் ஒழுங்கு, அழகு, சூரியன் தவறாமல் உதிப்பது என்று எதுவும் இல்லை. மேடையில் அவற்றையெல்லாம் சேர்த்து இதை அலங்கரிப்பவர்கள் அதைப் பலவீனமாக்குகிறார்கள். ஒழுங்கைச் சொன்ன கணத்திலேயே, உயிர்களின் ஒழுங்கு வடிவமைப்பவன் இன்றியும் உண்டாகலாம் என்று 1859இல் டார்வின் எழுதியது குறுக்கே வரும். சூத்திரம் கேட்பது வேறு. ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று சுட்டிக் காட்டத்தக்க எதுவும் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. இல்லாததற்குத் தோற்றம் இல்லை. உள்ளதற்கும் செய்வோர் இன்றிச் செய்வினை இல்லை. ஆகவே ஒடுங்கிய இடத்திலிருந்தே மீளத் தோன்றவேண்டும். எல்லாம் ஒடுங்கியபோதும் ஒடுங்காமல் நிற்பது எதுவோ அதுவே முதல். நிலாவரையை யார் வெட்டினார் என்பது இங்கே கேள்வியே அல்ல. கரைகிற கல்லும் கரைக்கிற நீரும் தாமே தோன்றி ஒடுங்கும் பொருள்களாக இருக்க, அவற்றுக்கு இருப்பு எங்கிருந்து என்பதே கேள்வி. கிறித்தவ இறையியலாளர் அக்குவைனாஸ் (1225–1274) சொன்ன ஐந்து வழிகளில் மூன்றாவது வழிக்கும் (இல்லாமற் போகக்கூடிய பொருள்களுக்கு இல்லாமற் போகாத ஒன்று வேண்டும்) மெய்யியலாளர் லைப்னிட்ஸின் போதிய நியாய வாதத்துக்கும் (எது இருப்பதற்கும் போதிய நியாயம் வேண்டும்) இது பக்கத்தில் நிற்கிறது. கடிகாரத்தின் அமைப்பைக் கண்டால் அதைச் செய்தவன் உண்டென்று அறிகிறோம், உலகும் அப்படித்தான் என்று பேலி 1802இல் சொன்ன கடிகார வாதத்திலிருந்து தூரம்.

இதற்கும் ஆட்சேபம் உண்டு. முதலாவது: உறுப்புகள் தோன்றி ஒடுங்கினால் முழு உலகமும் அப்படித்தான் என்று எப்படிச் சொல்வாய்? சிறு கற்களால் கட்டிய மதில் சிறிதாவதில்லை. உண்மை. ஆனால் வெள்ளைக் கற்களால் கட்டிய மதில் வெள்ளைதான். எந்தப் பண்பு உறுப்பிலிருந்து முழுமைக்கு ஏறும், எது ஏறாது என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. அளவு ஏறாது, பிறிதொன்றைச் சார்ந்து நிற்றல் ஏறும் என்று வாதிடலாம். இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, எல்லோரும் கேட்பது: “அப்ப கடவுளைப் படைச்சது ஆர்?” சபை கை தட்டும். இந்தக் கேள்வி உங்களைக் கொல்வதும் விடுவதும் நீங்கள் முன்பே சொன்ன வாக்கியத்தைப் பொறுத்தது. ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்று சொல்லியிருந்தால் மீள வழியில்லை. ‘தோன்றி ஒடுங்குவனவற்றுக்குக் காரணம் உண்டு’ என்று தொடங்கியிருந்தால் கேள்வி தானாக விழுந்துவிடும். பேச்சுத் தாளில் ‘எல்லாம்’ என்ற சொல் வரும் இடமெல்லாம் கோடிட்டுப் பாருங்கள்.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு பிழை, இரண்டு வாதங்களைக் கலப்பது. கசாலி (மறைவு 1111) முதலான இஸ்லாமிய அறிஞர்களின் வாதம் உலகம் இல்லாமையிலிருந்து ஒரு கணத்தில் தொடங்கியது என்பதை நிறுவப் பார்க்கிறது. சித்தாந்தமோ இல்லது தோன்றாது என்றே தொடங்குகிறது. உலகுக்கு மூலப்பொருளாகிய மாயை அநாதி (தொடக்கம் இல்லாதது), உயிர் அநாதி, உயிரை மறைக்கும் மலமாகிய ஆணவமும் அநாதி. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல மாயை, சத்தி, சிவன். பெருவெடிப்பைச் சொல்லி உலகுக்குத் தொடக்கம் காட்டிவிட்டு அடுத்த மூச்சில் மாயை அநாதி என்றால் கெட்டிக்கார எதிராளி அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரிப்பான். ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

மற்ற வாதங்கள் பற்றிச் சுருக்கமாக. கிறித்தவ இறையியலாளர் அன்செல்ம் (1033–1109) சொன்ன ‘இதனினும் மேலானதை நினைக்க முடியாத பொருள்’ வாதம் எழுத்துக் கட்டுரைக்கு உகந்தது, மேடைக்கு ஆகாது. விளக்கவே நேரம் முடிந்துவிடும். குறையற்ற தீவு ஒன்றை நினைத்தால் அதுவும் உண்டாகிவிடுமா என்று அவர் காலத்துத் துறவி கௌனிலோ கேட்ட கேள்வி பத்து விநாடியில் சபைக்கு விளங்கிவிடும். இருப்பு என்பது பொருளின் பண்பு அன்று என்ற ஜெர்மன் மெய்யியலாளர் காண்டின் மறுப்பு (1781) அதற்கும் மேல். கன்ம வாதம் நமக்கு நெருக்கமானது: வினை சடம் (அறிவற்றது), தன் பயனை உரிய உயிரிடம் தானே கொண்டுபோய்ச் சேர்க்காது, சேர்ப்பவன் வேண்டும். ஆனால் வினையை ஏற்காதவரிடம் இது முதற் சோதனையிலேயே அசித்தம். சமணரும் வேதச் சடங்கை முதன்மையாகக் கொண்ட மீமாஞ்சகரும் வினையை ஏற்றும் ஊட்டுபவனை ஏற்கவில்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

துன்பத்தைப் பற்றிய கேள்வி நிச்சயம் வரும். கடவுள் ஆணவத்தைப் படைக்கவில்லை, அது அநாதி என்பது சித்தாந்தத்தின் உறுதியான மறுமொழி. இல்லாமையிலிருந்து எல்லாம் படைத்தவன் என்று சொல்வோருக்கு இந்த வசதி இல்லை. ஆனால் போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் பிள்ளைகளை இழந்தவர்கள் முன்வரிசையில் இருக்கும் ஊரில் ‘வினைப்பயன்’ என்று ஒரு சொல்லில் முடிப்பது இரக்கமற்றது. அளவையாகவும் பிழை: வினை உண்டென்பது பொதுக் கூற்று, இன்னாருக்கு இன்னது வந்தது இன்ன வினையால் என்று சொல்ல அதில் இடமில்லை.

ஆயத்தத்துக்கு, சித்தாந்த நூலாகிய சிவஞானசித்தியார் பரபக்கத்தை (பிறர் கொள்கையை) முன்னே வைத்துச் சுபக்கத்தை (தன் கொள்கையை) பின்னே வைத்த முறையையே பின்பற்றுங்கள். எதிரணியின் பேச்சை அவர்களே ஒத்துக்கொள்ளும் அளவுக்கு நல்லாக முதலில் எழுதுங்கள். ஆறுமுக நாவலர் 1854இல், சைவத்தைப் பழித்த பாதிரிமாருக்கு மறுப்பாகச் சைவதூஷணபரிகாரம் எழுதியபோது விவிலியத்தை அங்கிருந்தும் இங்கிருந்தும் பொறுக்கி எடுக்கவில்லை; பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவியவர், அதன் உள்ளும் புறமும் தெரிந்தவர். மறுப்பவர் எல்லோரும் நாத்திகர் என்றும் எண்ணவேண்டாம். வைணவ ஆசாரியர் இராமாநுசர், கடவுளை அனுமானத்தால் நிறுவமுடியாது, வேதமே பிரமாணம் என்றவர்.

அப்படியானால் கருத்தாவிலிருந்து சிவனிடம் போவது எப்படி? சித்தாந்தம் காட்சி, அனுமானம், ஆகமம் என்று மூன்று அளவைகளை ஏற்கிறது. அனுமானம் ஒடுங்காத முதல் ஒன்றில் நின்றுவிடும். அது ஒன்றுதானா, பலவா என்பதே இன்னும் ஒரு தனி வாதம். அதற்கப்பால் பேசுவது ஆகமத்தைக் கொண்டு என்று சபைக்குச் சொல்லிவிட்டே பேசவேண்டும். ஐந்து நிமிடப் பேச்சானால் மேற்கோளுக்கும் ஏதுவுக்கும் ஒரு நிமிடம், ‘எது எது’ கூற்றைக் காக்க இரண்டு நிமிடம், உறுப்பு–முழுமை ஆட்சேபத்துக்கு ஒரு நிமிடம். கடைசி நிமிடத்தை வெறுமையாக வைத்திருங்கள். எதிரணி முன்பே சொன்னதற்கு மறுமொழி சொல்ல அது தேவைப்படும்.