சாங்கியிலிருந்து சென்னை மூன்றேகால் மணி நேரமா?

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. புதிதாகச் சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் பயண நேரத்தில் ஒரே மாதிரித் தப்புக் கணக்குகளைத்தான் போடுகிறார்கள். எங்கள் காலத்திலும் இதே கதைதான். பெயரில் எழுத்துப்பிழை, பாஸ்போர்ட் காலாவதி எல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், விடுங்கள்.

கடிகாரத்தைக் கழிக்காதீர்கள்

சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அதை அப்படியே கழித்தால் சென்னைக்குப் போகும்போது ஒன்றேமுக்கால் மணி நேரம் போலவும் வரும்போது ஆறேமுக்கால் போலவும் தெரியும்.

தூரத்தை வேகத்தால் வகுத்து அடுத்த விமானம் போடுவது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது. சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் மூன்றேகால் மணி நேரம் வரும். ஆனால் விமானம் கதவு மூடி, ஊர்ந்து, ஓடுபாதைக்கு வரிசையில் நிற்க வேண்டும். இறங்கும் முன் வேகம் குறைத்துச் சுற்றிவர வேண்டும். எல்லாம் சேர்ந்தால் நாலு மணி நேரமும் சொச்சமும்.

மதுரைக்குப் போக வேண்டிய ஓர் அக்காவுக்கு எங்கள் பையன் தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டான். சாங்கி விமான நிலையத்தில் காலை 7:00க்குப் புறப்பாடு. அவன் கணக்கில் சென்னையில் இந்திய நேரம் 7:45க்கு இறங்கியாயிற்று, மதுரை விமானம் 10:00க்கு. உண்மையில் தரை தொட்டு நின்றது 8:40. உள்நாட்டு கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், அதாவது 9:00. இருபது நிமிஷத்தில் குடிநுழைவு, பெட்டி, சுங்கம், அப்புறம் உள்நாட்டு முனையத்துக்கு நடை. நடக்கிற காரியமா? தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது விமானக்காரர்களுக்குப் பொறுப்பே இல்லை. புது டிக்கெட் வாங்கினார். போதாததற்கு உள்நாட்டில் பெட்டிக்கு எடை அனுமதி குறைவு. தைலமும் மைலோவும் அடைத்த பெட்டிக்குக் கூடுதல் பணம் வேறு. “தம்பி, இத்தனை வெள்ளிக்கு நேராவே மதுரை போயிருக்கலாமே” என்றார். பையன் வாயே திறக்கவில்லை.

தனி டிக்கெட் என்றால் நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். இல்லையேல் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள்.

நள்ளிரவு விமானம்

14ஆம் தேதி 00:25 என்றால் 13ஆம் தேதி இரவே சாங்கியில் இருக்க வேண்டும்.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

லண்டன் கிட்டத்தட்ட 10,900 கி.மீ. போக ஏறக்குறைய 14 மணி நேரம், வர அதைவிடக் குறைவு. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றுதான் காரணம். நியூயார்க்குக்கு ஆகக் குறுகிய கோடு வடதுருவத்துக்கு அருகே போகிறது. ஆனாலும் விமானம் பல நாள் அந்தக் காற்றைப் பிடிக்கப் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகும். தூரம் கூடும், நேரம் மிச்சம்.

மைல்

விமானிகளின் கடல் மைல் 1.852 கி.மீ., சாதா மைல் 1.609. எது என்று பார்த்துவிட்டுப் பெருக்குங்கள்.