காணாமல் போன பொத்தானைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் வேலை பழகும் இளைஞர் ஒருவர் சென்ற வாரம் தம் சித்தியின் கணினியைப் பார்க்கப் போனார். வேர்டில் ஹோம் தாவலின் வலப்பக்கத்தில் இருக்க வேண்டிய ஃபைண்ட், ரிப்ளேஸ் பொத்தான்களைக் காணவில்லை என்பதுதான் புகார். அரை மணி நேரத்தில் என்னை அழைத்தார். “அண்ணா, அந்தப் பொத்தான்கள் வந்துவிட்டன. ஆனால் சித்தி வைத்திருந்த மற்றதெல்லாம் போய்விட்டது” என்றார். பல ஆண்டுகளுக்கு முன் என் அக்காவிடம் நான் சொன்னதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான்.

ரிப்பன், அதாவது வேர்டின் மேலே பொத்தான்கள் அடுக்கியிருக்கும் பட்டை, முழுவதும் சுருங்கிக் கிடந்தால் கன்ட்ரோல், எஃப்1 இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பது போன்றவற்றை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை எல்லாரும் தாமே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் துடைக்கும் அந்த இரண்டாவது வரி

வேர்டில் ஆப்ஷன்ஸ் திறந்து, கஸ்டமைஸ் ரிப்பன் பக்கத்துக்குப் போனால், வலப்பக்கப் பட்டியலுக்குக் கீழே ரீசெட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு வரிகள் விரியும். முதல் வரி, தேர்ந்தெடுத்த தாவலை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இரண்டாவது வரி, நீங்கள் செய்த எல்லா மாற்றங்களையும் அழித்துவிடும்.

முதல் வரி பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மேலே பட்டியலில் மாற்றம் எதுவும் இல்லாத ஒரு தாவல் தேர்வாகி இருப்பதால்தான் அது மங்கியிருக்கிறது. பழகாதவருக்கு இது தெரியாது. அழுத்த முடிகிற வரி ஒன்றுதான் என்று எண்ணி இரண்டாவதை அழுத்துகிறார். “எல்லாவற்றையும் நீக்கவா?” என்று ஒரு கேள்வி வரும். அதையும் படிக்காமல் ‘யெஸ்’ கொடுத்துவிடுகிறார். ரிப்பனோடு சேர்ந்து, மேலே இருக்கும் குவிக் ஆக்சஸ் கருவிப்பட்டையில் சேர்த்துவைத்த பொத்தான்களும் போய்விடுகின்றன. செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட் இதற்கு உதவாது.

என் அக்கா ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பவர். அடிக்குறிப்பு, அட்டவணை, பக்கப் பிரிப்பு என்று தமக்கு வேண்டியதையெல்லாம் ஒரே தாவலில், தம் கைப்பழக்கத்துக்கேற்ற வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். ஒரே கிளிக்கில் அதை நான் அழித்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று மாலை முழுவதும் மவுஸ் அம்புக்குறியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு, திரும்பத் திரும்பக் கையை இழுத்துக்கொண்டிருந்தார். அதை இன்று நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவரின் கணினியில் பொத்தான் இருக்கும் இடம் அவருடைய விரல்களுக்குப் பழகிய இடம். அதில் கைவைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

செய்ய வேண்டியது இதுதான். ரீசெட்டுக்குக் கீழேயே இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்ற பொத்தான் இருக்கிறது. முதலில் எக்ஸ்போர்ட் கொடுத்து, இருக்கிற நிலையை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கப் பட்டியலில், பொத்தான் காணாமல் போன தாவலைக் கிளிக் செய்யுங்கள். மங்கிக் கிடந்த முதல் வரி தெளிவாகிவிடும். அதை மட்டும் அழுத்துங்கள்.

ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. வேர்டின் அடிப்படை வார்ப்புருவான நார்மல் டெம்ப்ளேட்டில் எழுதிவைத்த மேக்ரோக்கள், அதாவது பல வேலைகளை ஒரே அழுத்தில் செய்யும் சிறு நிரல்கள், அழிவதில்லை. அவற்றை இயக்கும் பொத்தான்கள்தான் போகின்றன. சித்தியின் மேக்ரோக்களும் அப்படியே இருந்தன; அவற்றுக்குப் பொத்தான்களை மட்டும் மீண்டும் வைத்தோம்.

குறுகிய சாளரத்தில் தேடுவது

முதலில் சாளரத்தைப் பெரிதாக்குங்கள். வேர்டில் மட்டுமல்ல, பிரௌசரிலும் பொத்தான்கள் காணாமல் போகும்; இடம் போதாவிட்டால் ஃபயர்பாக்ஸ் பிரௌசர் சில பொத்தான்களை வலது ஓரத்தில் உள்ள இரட்டை அம்புக்குறிக்குள் தள்ளிவிடும்.

பொத்தானை வரவழைக்க மென்பொருள் இறக்குவது

வேண்டாம்.

ஒரு பொத்தானுக்காக பிரௌசரையே ரெஃப்ரெஷ் செய்வது

ஃபயர்பாக்ஸில் கருவிப்பட்டையின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, கஸ்டமைஸ் டூல்பார் என்பதைத் திறந்தால், விடுபட்ட பொத்தான் அங்கே காத்திருக்கும். அதை இழுத்து மேலே விட்டால் போதும். குரோமில் வீட்டுப் படம் போட்ட ஹோம் பொத்தான் வேண்டுமென்றால், செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதிக்குப் போய் அதை இயக்க வேண்டும். பிரௌசரில் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்னும் சிறு நிரல் ஒன்றின் படம் குரோமில் காணவில்லை என்றால், புதிர்த் துண்டு போன்ற படத்தை அழுத்தி, வேண்டியதன் எதிரே உள்ள குண்டூசிப் படத்தை அழுத்துங்கள்.

இதற்கெல்லாம், பிரௌசரையே புதிதாக நிறுவியது போன்ற நிலைக்குக் கொண்டுபோகும் ரெஃப்ரெஷ் தேவையே இல்லை. ஃபயர்பாக்ஸில் அதைச் செய்தால் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் தப்பும். ஆனால் எக்ஸ்டென்ஷன்களும் நீங்கள் மாற்றிவைத்த அமைப்புகளும் போய்விடும். செய்த பிறகு டெஸ்க்டாப்பில் ‘ஓல்டு ஃபயர்பாக்ஸ் டேட்டா’ என்று ஒரு கோப்புறை தோன்றும். உங்கள் பழைய தரவுகள் அதில்தான் இருக்கின்றன. குப்பை என்று நினைத்து அதை அழித்தவர்கள் இருவரை எனக்குத் தெரியும். எதுவும் விடுபடவில்லை என்று உறுதியாகும்வரை அந்தக் கோப்புறையைத் தொடாதீர்கள்.