புத்தகத்தில் குறி போட ஒரு பென்சில் போதும்

கோடு போடுவது, ஒரு வருஷம் கழித்தும் அந்த இடத்தைச் சட்டென்று எடுப்பதற்காக. அதற்கு ஓர் எச்.பி. பென்சிலும் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கமும் போதும்.

பேனா வேண்டாம். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதமும் அப்பளம்போல் நமுத்துவிடும்; ஜெல் பேனா மை ஊறி மறுபக்கம் தெரியும். 2பி பென்சிலின் கரி எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். எச்.பி.யையும் ஊசியாகச் சீவி அழுத்தினால் பள்ளம் விழும், ரப்பர் போட்டாலும் தடம் போகாது.

முதல் வாசிப்பில் அடிக்கோடே கூடாது. வேண்டிய பத்தி வந்தால் ஓரத்தில் நெடுக்காக ஒரு கோடு, புரியாவிட்டால் கேள்விக்குறி, உடன்பாடில்லை என்றால் பெருக்கல் குறி. இந்த மூன்றைத் தாண்டினால் எந்தக் குறி எதற்கு என்பதே மறந்துபோகும். அத்தியாயம் முடியாமல் எது முக்கியம் என்று தெரியாது. படிக்கப் படிக்க அடிக்கோடு போடுகிறவர்களின் புத்தகத்தில் பக்கம் முழுக்கக் கோடாக இருப்பது அதனால்தான்.

அத்தியாயம் முடிந்ததும் திரும்பி வந்து, ஓரக்கோடு போட்ட பத்திகளை மட்டும் பாருங்கள். இப்போதும் தேறுவதில் நாலைந்து சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு. தேறாததன் ஓரக்கோட்டை அழித்துவிடலாம்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்: கடைசிப் பக்கத்தில் சொந்தமாக ஒரு பொருளடைவு. காவிரிப் பாசன வரலாறு படிக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘மேட்டூர் – 41, 96’ என்று எழுதினால் பிறகு இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படிக்க வேண்டியிருக்கும். ‘மேட்டூர் அணை முடிந்தது 1934 – 41, அணைக்கு முன் குறுவைக்குத் தண்ணீர் – 96’ என்றால் வேண்டியது கையில் வந்துவிடும். 41ஆம் பக்க ஓரத்தில் ‘96 பார்’ என்றும் எழுதுங்கள். நூலில் ‘கல்லணைக் கால்வாய்’ என்றிருக்கும், தஞ்சாவூர்ப் பக்கம் அதுவே புது ஆறு. தேடும்போது உங்கள் வாயில் எந்தப் பெயர் வருமோ அதன்கீழ் எழுதி, மற்றதைப் பக்கத்தில் போடுங்கள்.

நூலகப் புத்தகத்தில் பென்சிலும் வைக்கக்கூடாது. இரண்டு விரல் அகலத்தில் வெள்ளைத்தாள் கிழித்து, பக்க எண்ணும் குறிப்பும் எழுதிச் செருகி, திருப்பிக் கொடுக்கும் முன் உருவிக்கொள்ளுங்கள். தினக்காலண்டர் தாள் வேண்டாம், ஈரத்தில் அதன் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் இறங்கிவிடும். ஒட்டும் சீட்டின் பசை மாதக்கணக்கில் இருந்தால் தூசி பிடித்துக் கறையாகும்.

பழைய புத்தகத்தில் மூலையை மடிக்காதீர்கள், முறுகிய தாள் மடித்த இடத்திலேயே ஒடியும். மழைநாளில் ரப்பரும் வேண்டாம். ஈரத்தாள் நார் நாராகப் பெயரும். விசிறிக்கடியில் விரித்துக் காயவைத்து, வெயில் வந்த பிறகு ஒரே திசையில் மெல்ல அழியுங்கள்.